நின்ற வண்டியின் நோய்

“இந்த இரும்பு யானையை வைத்துக்கொண்டு என்னதான் செய்யப் போகிறீர்கள்?” என்று விடுதி நண்பர்கள் கேட்கின்றனர். நீலசந்திராவில் ஒரு பட்டறைக் கொட்டகையிலிருந்து, ஞாயிறுதோறும் கையெல்லாம் கரியாக நானும் நண்பர் இருவரும் திரும்புவதை ஓராண்டாகக் கண்டவர்கள் அவர்கள். கேள்வி நியாயமானதே. அவர்கள் யானை என்பது ஒரு பழைய ஜோங்கா. அதன் பெருமையைப் பாடுவதற்கு இக்கட்டுரையை எழுத வரவில்லை. ஓடாமல் நின்றுவிட்ட ஓர் இயந்திரத்துக்கு உள்ளே என்ன நேர்கிறது, அதை மீட்க முனைபவன் எதை முதலில் செய்யவேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். செய்யக்கூடாததை நாங்கள் முதலில் செய்துவிட்டோம். ஆகவே அதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

ஜோங்கா என்றவுடன் ஆப்பிரிக்கக் காட்டு விலங்கு ஒன்று நினைவுக்கு வரலாம். ‘ஜபல்பூர் ஆர்டினன்ஸ் அண்டு கன் கேரேஜ் அசெம்பிளி’ என்னும் நீண்ட தொடரைச் சுருக்கி உண்டாக்கிய பெயர் அது. ஜப்பானிய நிஸ்ஸான் நிறுவனத்தின் ‘பேட்ரோல்’ என்னும் வண்டியை உரிமம் பெற்று, நம் படைக்கென்று 1969 முதல் 1999 வரை ஜபல்பூரில் செய்தார்கள். பீரங்கி வண்டிகள் செய்யும் தொழிற்சாலை அவ்வூரில் 1904-லேயே தோன்றியது. மோட்டார் வண்டிகளுக்கெனத் தனித் தொழிற்சாலை 1969-இல் எழுந்தது. (2021 அக்டோபர் முதல் இத்தொழிற்சாலை, நம் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அரசு நிறுவனத்தின் கீழ் வந்திருக்கிறது. தமிழருக்கு இதில் ஒரு சிறு மகிழ்ச்சி.) ஜோங்கா ஆள் ஏற்றியது, நோயாளிகளைச் சுமந்தது, 106 மில்லிமீட்டர் பீரங்கியை முதுகில் தாங்கி மலையேறியது.

அதன் எஞ்சினில் ஆறு உருளைகள் ஒரே வரிசையில் நிற்கும். ஒவ்வோர் உருளையின் விட்டம் 85.7 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 114.3 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஆறுக்கும் சேர்த்து 3,956 கன சென்டிமீட்டர் வரும். விட்டத்தைக் காட்டிலும் ஓட்டம் நீண்ட இத்தகைய எஞ்சின் வேகப் போட்டிக்கு உதவாது. மெல்லச் சுழலும்போதே பெரும் இழுவிசை தரும். சேற்றிலும் மேட்டிலும் வேண்டியது அதுதானே! பெட்ரோலைக் குடிப்பதில் மட்டும் அதற்கு இணை இல்லை. லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் ஓடினால் அன்று நல்ல நாள் என்று கொள்ள வேண்டும். கிரிக்கெட் வீரர் தோனி 2019-இல் ஒரு ஜோங்காவை வாங்கி ராஞ்சித் தெருக்களில் ஓட்டிய பிறகுதான் நம் வயதினர் பலருக்கு இப்படியொரு வண்டி உண்டென்றே தெரிந்தது.

படை கழித்துவிடும் வண்டிகள் ஏலத்துக்கு வரும். எங்கள் ஜோங்காவும் அப்படி ஏலத்தில் வெளிவந்ததுதான். எடுத்தவர் ஓரிரு ஆண்டு ஓட்டியிருக்கிறார். பின் ஏதோ காரணத்தால் கொட்டகையோரப் புங்கமரத்தின்கீழ் நிறுத்தினார். பதினோராண்டு அங்கேயே நின்றது. கொட்டகையின் சொந்தக்காரரான பெரியவர், “தை பிறந்ததும் இங்கே வீடு கட்டப் போகிறேன், தம்பி. அதற்குள் இது தானாக நகர்ந்து வெளியே போனால் உங்களுக்கு. இல்லையென்றால் எடைக்கு எடை காயலான் கடைக்கு” என்று கூறிவிட்டார். கெடு அதுதான்.

நிற்க. இந்தச் சொல்லை இக்கட்டுரையில் கையாள எனக்குச் சற்று அச்சமாகவே இருக்கிறது. ஏனெனில், நிற்பதே நோய் என்றுதான் சொல்லப் போகிறேன்.

ஓடும் வண்டி தேயும் என்பதை எல்லாரும் அறிவர். நிற்கும் வண்டி அதைவிட விரைவாகக் கெடும் என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும். ஓடும்போது எண்ணெய் ஒவ்வோர் உறுப்பின் மீதும் படலமாகப் படிந்துகொண்டே இருக்கிறது. நின்றால் அப்படலம் வழிந்து அடித்தொட்டியில் சேர்ந்துவிடும். உருளையின் உட்சுவர் வெற்றிரும்பாகக் காற்றைப் பார்க்கும். பகலில் சூடேறி இரவில் குளிரும்போது காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் வியர்க்கும், துரு பிறக்கும். துரு தான் உண்ட இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேலான இடத்தை அடைத்துக்கொள்வது. ஆகவே பிஸ்டன் வளையத்துக்கும் சுவருக்கும் இடையே மயிரிழையளவு துரு போதும், ஆப்பு அடித்தாற்போல் இறுகிவிடும். நட்டும் போல்ட்டும் கழல மறுப்பதன் காரணமும் இதுவே. பெட்ரோலின் கதை வேறு. அதன் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போக, மிஞ்சியது காற்றின் ஆக்சிஜனோடு கூடிப் பிசினாகிறது. அப்பிசின் கார்புரேட்டரின் ஊசிமுனைத் துளைகளை அடைக்கும். வால்வுகளின் தண்டிலும் படிந்து அவற்றை ஒட்டவைக்கும். ரப்பர் வெடிக்கிறது. பாட்டரி உப்பேறிச் சாகிறது. இத்தனையும் நடக்கும்போது வெளியே வண்டி அசையாமல் அமைதியாகத்தான் நிற்கும்!

இதையெல்லாம் ஏட்டில் படித்தவன்தான் நான். ஆயினும் முதல் நாள் செய்தது என்ன? புதுப் பாட்டரி ஒன்றை வாங்கிவந்து மாட்டினோம், கார்புரேட்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினோம், சாவியைத் திருப்பினோம். எஞ்சின் முனகியது, அரைச் சுற்றுச் சுற்றியது, ‘டக்’கென்று ஓர் ஓசை. அவ்வளவுதான். மூடியைத் திறந்து பார்த்தால் வால்வைத் தள்ளும் தண்டுகளுள் ஒன்று வில்லாக வளைந்திருந்தது. பிசினால் ஒட்டிய வால்வு திறக்க மறுக்க, கீழிருந்து வந்த தள்ளுதலைத் தாங்காமல் மெலிந்தது வளைந்துவிட்டது. பக்கத்துப் பட்டறைப் பாய் வந்து எட்டிப் பார்த்தார். வாணியம்பாடிக்காரர், நாற்பது ஆண்டு அனுபவம். “ஏன் தம்பி, பதினோரு வருஷம் படுத்துக் கிடந்த ஆளை எழுப்பி உடனே ஓடச் சொல்வீங்களா? சாவி கடைசிலதான் வரணும்” என்றார். “தப்புதான் பாய், இனி நீங்க சொல்றபடி செய்றோம்” என்றோம். அன்று முதல் அவர் சொன்னது வேதம்.

அவர் காட்டிய முறை இது. ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட வேண்டும். ஒவ்வோர் உருளைக்குள்ளும் டீசலும் எஞ்சின் எண்ணெயும் சமபங்கு கலந்து சில கரண்டி ஊற்றி ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். பிறகு சுழல்தண்டின் முன்முனை நட்டில் நீண்ட ஸ்பானரைப் பொருத்தி, கையால் மட்டும், இப்படிச் சிறிது அப்படிச் சிறிது அசைக்க வேண்டும். அசையாவிட்டால் வலிமை காட்டக்கூடாது; மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு வாரம். கைக்கு இடறும் தடை எங்கே இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தெரியாது. மூன்றாம் ஞாயிறு எங்கள் எஞ்சின் முழுச் சுற்றுச் சுற்றியது. பழைய எண்ணெயை வடித்தபோது அடியில் ஒரு தம்ளர் தண்ணீரும் வந்தது. அதோடு ஓட்டியிருந்தால் தாங்கிகள் போயிருக்கும்.

அடுத்து எஞ்சினின் உடல்நிலையைச் சோதிக்க வேண்டும். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல, ஒவ்வோர் உருளையும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளவியால் பார்ப்பார்கள். ஆறும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தால் நலம். ஒன்றுக்கொன்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடலாகாது. எங்களுக்கு ஐந்தாம் உருளை மட்டும் மற்றவற்றில் பாதியே காட்டியது. இங்கே ஓர் அழகான தந்திரம் உண்டு. குறையும் உருளைக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய் பிஸ்டனைச் சுற்றித் தேங்கி வளையங்களின் இடைவெளியை அடைக்கும். அளவு ஏறினால் வளையங்கள் தேய்ந்தவை. ஏறாவிட்டால் காற்று மேலே வால்வு வழியே ஒழுகுகிறது என்று பொருள். எஞ்சினைப் பிரிக்காமலே உள்நோயைப் பிரித்தறியும் இம்முறையைக் கண்டவன் எவனோ, அவனுக்கு என் வணக்கம். எங்களுக்கு அளவு ஏறவில்லை, தலைப்பகுதியைக் கழற்றினோம். புகைவழி வால்வு அமரும் இடம் அம்மைத் தழும்பாகக் குழிந்திருந்தது.

இக்குழிவுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. முன்னாளில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தார்கள். கலவை தானே வெடிப்பதைத் தடுப்பது அதன் முதல் வேலை. வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே மெல்லிய பூச்சாகப் படிந்து இரும்போடு இரும்பு பற்றிக்கொள்ளாமல் காப்பது இரண்டாம் வேலை. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுப்பது. எனவே 2000 பிப்ரவரி முதல் நாளிலிருந்து இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. மிக நல்ல மாற்றம். ஆனால் ஈயத்தை நம்பிச் செய்த பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் பாதுகாப்பை இழந்தன. லேத் பட்டறையில் பழைய இருக்கையைக் கடைந்தெடுத்துவிட்டுக் கடினமான எஃகு வளையம் ஒன்றை இறுக்கிப் பொருத்தினார்கள். இனி ஈயம் தேவையில்லை.

பெட்ரோல் பற்றி இன்னொன்று. 2025-இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் நூற்றுக்கு இருபது பங்கை எட்டியது. எத்தனால் நீரை ஈர்ப்பது. பழைய ரப்பரை உப்பவும் இளகவும் செய்வது. டாங்கியில் படிந்த பழைய பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியை அடைப்பது. ஆகவே டாங்கியை முழுவதும் கழுவினோம். பெட்ரோல் பம்பின் ரப்பர்த் தகட்டையும் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் புது வகையாக மாற்றினோம். மாதக்கணக்கில் நிறுத்துவதென்றால் டாங்கியில் பெட்ரோலை விட்டுவைக்க வேண்டாம்; ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் தனியே பிரிந்து அடியில் தங்கிவிடும். எத்தனாலில் எரிசக்தி குறைவு. அதனால் கலவையைச் சற்றுச் செறிவாக்க வேண்டும். ஆனால் பெங்களூரோ கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. இங்கே காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. அதனால் கலவை தானே செறிவாகிறது. ஒன்று இழுக்க மற்றொன்று தள்ள, எங்கள் கார்புரேட்டர் திருகை நாங்கள் அதிகம் தொடவே நேரவில்லை.

வேதியியல் மாணவர்களுக்கென ஒரு செய்தி. துருவைச் சுரண்டியே அகற்ற வேண்டும் என்பதில்லை. பிளாஸ்டிக் தொட்டியில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரையுங்கள். துருப்பிடித்த உறுப்பைப் பாட்டரிச் சார்ஜரின் எதிர்முனையில் இணைத்து உள்ளே தொங்கவிடுங்கள். பழைய இரும்புத் தகடு ஒன்றை நேர்முனையில் இணைத்து, உறுப்பைத் தொடாமல் நிறுத்துங்கள். ஓரிரவில் துரு கரும்பொடியாக இளகி, தேய்த்தால் உதிரும். நல்லிரும்பு ஓர் அணுவும் குறைவதில்லை. தகடு எவர்சில்வராக இருக்கவே கூடாது. அதிலுள்ள குரோமியம் கொடிய நஞ்சாகக் கரைசலில் இறங்கும். எதிர்முனையில் ஹைட்ரஜன் வாயு எழும். ஆகவே திறந்த வெளியில் செய்க, அருகே பீடி பற்றவைக்கற்க! சுருள்வில், பட்டைவில் போன்ற கடின எஃகை இதில் போடலாகாது. ஹைட்ரஜன் புகுந்து அவற்றை நொறுங்கச் செய்யும்.

தொட்டிக்குள் அடங்காத பெரிய பகுதிகளுக்குப் பாய் வேறு வழி சொன்னார். கடுக்காய்! கேட்டபோது சிரித்தேன். பிறகு யோசித்தேன். கடுக்காயில் டானின் மிகுதி. அது துருவோடு கூடிக் கருநீலமான இரும்பு டானேட்டாக மாறி, மேற்பரப்பில் ஒட்டி நின்று மேலும் துருவேறுவதைத் தாமதப்படுத்தும். கடைகளில் புட்டியில் விற்கும் துரு மாற்றிகள் பலவற்றின் உட்பொருளும் டானிக் அமிலமே. நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய வேதியியலும் இதுவே. காய்ச்சி வடித்த கடுக்காய்ச் சாற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்த அடிச்சட்டத்தின் ஒரு சாணில் பூசினோம். கண்முன்னே சிவப்பு கருத்தது. அதற்குமேல் ரெட் ஆக்சைடு பூசியே தீரவேண்டும். கடுக்காய் மட்டும் மழைக்கு நிற்காது.

பிரேக்கைப் பற்றி ஒரு கண்டிப்பு. பழைய பிரேக் கட்டைகளிலும் கிளட்ச் தகட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதுவது பட்டறை வழக்கம். நுரையீரலில் புகுந்த இழை வெளியேறுவதில்லை. இருபது முப்பது ஆண்டு கழித்துப் புற்றுநோயாகக் கணக்குத் தீர்க்கும். முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, துணியை மூடிக் கட்டி எறிய வேண்டும். பாயிடம் நாங்கள் ஒன்று கற்பித்தோமென்றால் இது ஒன்றுதான். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தைக் குடிப்பது. பதினோராண்டுத் திரவத்தை வடித்தெறிந்து, சக்கர உருளைகள் அனைத்தையும் பிரித்து, ரப்பர்களை மாற்றினோம். டயர்களின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முன்னிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. எங்கள் டயர்களில் ஒன்று 1408. அதாவது 2008-ஆம் ஆண்டின் பதினான்காம் வாரம். மலைப்பாம்பு சட்டை உரித்ததுபோல் வெடித்திருந்தது.

“உதிரிப் பாகங்கள் எங்கே கிடைக்கின்றன?” என்பது அடுத்த கேள்வி. நிஸ்ஸானிடம் கேட்டுப் பயனில்லை. இதே எஞ்சினைக் கொண்ட நிஸ்ஸான் ஒரு டன் லாரிகளும் ஜபல்பூரில் செய்யப்பட்டவை. அவற்றின் எலும்புகள் தில்லி மாயாபுரியிலும் பஞ்சாபிலும் கிடைக்கும். ஆனால் பாதிப் பொருள்களுக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. ஒரு பேரிங்கைத் துடைத்துப் பாருங்கள்; எண் பொறித்திருக்கும். 6206 என்றிருந்தால் கடையிரு இலக்கத்தை ஐந்தால் பெருக்குங்கள்: 30. உள்விட்டம் 30 மில்லிமீட்டர். இந்த எண் உலகெங்கும் ஒன்றே, ஜே.சி. ரோட்டில் கடைக்காரர் “எந்த வண்டிக்கு?” என்று கேட்கமாட்டார். எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்துக்கும் அதுபோலவே உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்ற மூன்று அளவு போதும். ஜோங்காவுக்கென்றே உரியவை நினைத்ததைவிடக் குறைவு. சிவாஜிநகர்ப் பழைய சாமான் கடைகளில் ஒருநாள் முழுதும் அலைந்தும் கிடைக்காதது, விளக்கைச் சுற்றிய ஒரு தகர வளையம் மட்டுமே.

நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுக்கும் நெம்புகோலைக் கொட்டகைச் சிமெண்டுத் தரையில் சோதிக்க ஒரு நண்பர் துடித்தார். தடுத்தோம். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட பாதையில் உருள்கின்றன. ஜோங்காவில் முன்னச்சையும் பின்னச்சையும் இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். சேற்றில் சக்கரம் வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிக்கட்டிக்கொள்ளும். உலர்ந்த தரையில் வழுக்காது. தண்டுகள் முறுக்கேறிக் கியர்ப்பெட்டி உடையும். அச்சோதனை ஈரமண்ணுக்குக் காத்திருக்கிறது.

மார்கழிக் கடைசி ஞாயிறு, சாவியைத் திருப்பினோம். முதலில் கார்புரேட்டர் வழியே பின்வெடிப்பு. பிளக் கம்பிகள் இரண்டு இடம் மாறியிருந்தன. 1-5-3-6-2-4 என்பது ஆறு உருளைகளும் எரியும் வரிசை. அதைச் சுவரில் கரியால் எழுதி வைத்தவனே மாற்றி மாட்டியிருந்தான்; அவன் பெயரை இங்கே சொல்ல வேண்டியதில்லை, இக்கட்டுரையின் அடியில் இருக்கிறது. கம்பியை மாற்றினோம். எழுந்தது. பாய் ஒன்றும் பேசவில்லை; எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறி நின்ற பிறகுதான் தேநீர் சொல்லியனுப்பினார். வண்டி தன் காலால் நாற்பது அடி நகர்ந்து கொட்டகை வாசலுக்கு வந்தது. பெரியவர் சொன்ன சொல் காத்தார்.

அதற்கு மேல் தெருவில் இறங்க இயலாது. துருவைவிடக் கடுமையானது தாள். படை ஏலத்தில் விடும் வண்டியைப் பதிவு செய்ய, பாதுகாப்புத் துறை அலுவலர் ஒப்பமிட்ட விற்பனைச் சான்று, 21-ஆம் எண் படிவத்தில், வேண்டும். எங்கள் வண்டிக்குரிய அத்தாள் பெரியவரின் தகரப் பெட்டியில் இருந்தது. பாதியைக் கரையான் படித்து முடித்திருந்தது. நகல் வேண்டி எழுதியிருக்கிறோம். வண்டியின் மீது ஆசை கொள்ளும் நண்பர்கள் முதலில் தாளைப் பார்த்துவிட்டு அதன்பின் எஞ்சினைப் பார்க்கட்டும். 2021-இல் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதி வந்தது. முதற்பதிவாகி ஐம்பதாண்டு கடந்து, உருமாறாமல் இருப்பவற்றுக்கு ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகளோடு எண் கிடைக்கும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எங்கள் ஜோங்காவுக்கு அவ்வளவு வயதாகவில்லை. ஆகவே அது இப்போது லாரி மீதேறி ஓசூருக்கு அப்பால் நண்பர் ஒருவரின் மாமா தோட்டத்துக்குப் போயிருக்கிறது. அங்கே ஈரமண் நிறைய உண்டு.

வண்ணம் என்ன என்பதில்தான் சண்டை. ஜோங்கா பிறந்த நிறம் படைப் பச்சை. ஆனால் மோட்டார் வண்டி விதிகளுள் 121-ஆம் விதி, படைத்துறைக்குச் சொந்தமல்லாத எவ்வண்டியும் அந்நிறம் பூசலாகாது என்கிறது. உள்ளது உள்ளபடி மீட்பதே எங்கள் நோக்கம். அந்த ஒன்றை மட்டும் மீட்க முடியாது. ஒருவர் மணல் நிறம் என்கிறார், ஒருவர் சாம்பல் என்கிறார். நான் கருநீலம், கடுக்காய் மையின் நிறம். மூவரும் ஒத்துக்கொள்ளும் வரையில், வண்டி ரெட் ஆக்சைடுச் செம்மையில் தென்னைகளுக்கு நடுவே நிற்கிறது. பதினைந்து நாளுக்கொருமுறை போய் அரைமணி நேரம் ஓடவிட்டு வருகிறோம்.